உப்புக் கிரகத்தின் மொழிபெயர்ப்பாளர்

என் தங்கை நஃபீஸாவின் கணவர் லத்தீப், கண்டக்குழி மீன்வாடியில் ஏலம் கூறுகிறவர். ஆள் ஐந்தடி மூன்றங்குலம்தான். குரலுக்கு அளவு கிடையாது. காலையில் வாடியில் நின்று "அறுக்குளா! அறுக்குளா!" என்று அவர் பெரிய மீனைக் கூறத் தொடங்கினால் கால் மைல் தள்ளியிருக்கும் என் வீட்டில் பூனை எழும்பி உட்காரும். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. ஒளிப்பானேன், திட்டி எழுதத்தான் ஆசை. எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வந்து காரியத்தைக் கெடுத்துவிடுகிறது.

நான் அஸாம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பாஷை விஷயத்தில் இங்கே கடைசி வார்த்தை 'அஸாம் சேர்' உடையது என்று ஊரும் நம்புகிறது, நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது. பிறகு நடந்த மானக்கேட்டில் எனக்கும் பெரிய பங்கு உண்டு.

லத்தீப் கலியாணம் முடித்த கையோடு சார்ஜாவுக்குப் போனவர். அங்கே ஒரு ஹோட்டல் லோண்டரியில் ஆறு வருடம் படுக்கை விரிப்புத் துவைத்தார். நிலத்துக்குக் கீழே ஓர் அறை, சன்னல் கிடையாது. மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல்தான் இன்றைக்கு நம்மூர் மீனை விற்கிறது. கூட வேலை செய்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுவார்கள். ஒருவரின் பேர் வாயில் ஏறும் முன்னே இன்னொருவர் வந்து நிற்பார். இரண்டாயிரத்து ஒன்பதில் அவர் ஊருக்குத் திரும்பிய அன்று வழியனுப்ப ஒரு மனிதரும் இருக்கவில்லையாம். மெஷின்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

வரும்போது மற்றவர்களைப் போல அவர் போர்வையும் பால்மா டின்னும் கொண்டுவரவில்லை. ஒரு சூட்கேஸ் நிறைய டீவீடிப் படத்தட்டுகளைக் கொண்டுவந்தார். அறையில் முன்பு தங்கியிருந்த யாரோ கட்டிலுக்கடியில் விட்டுப்போனவை. எல்லாமே விண்வெளிப் படங்கள், எதிர்காலப் படங்கள், வேற்றுக்கிரகப் படங்கள். அதில் நல்ல படம் என்று ஒன்றுகூடக் கிடையாது! நஃபீஸா சூட்கேஸைத் திறந்து பார்த்துவிட்டு மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. ஒரு படத்தில் காலம் கடந்து போகும் யந்திரம் என்று உடுப்புத் துவைக்கும் மெஷினைக் காட்டுவார்கள். லத்தீப் அது எந்த வருடத்து மொடல் என்று சொல்லிவிடுவார். இன்னொன்றில் செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் ஒரே நடிகர், மீசை மட்டும் மாறும். மூன்றாவதில் வேற்றுக்கிரகவாசிகள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். வேஷம் தைக்க வசதியில்லாமல் போயிருக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலம் கதவு தானாகத் திறக்கும், தானாகச் சாத்தும், கதாநாயகி அலறுவாள். ஒன்றுமே இல்லாததைப் பார்த்து ஊரே வெலவெலத்துப் போனது. நாலு வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான இப்றாஹிம் ஹாஜியார், யாருக்கும் பயப்படாத மனிதர், ஒரு வாரம் தன் வீட்டுக் கதவுக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்தார்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். ஊருக்குப் பின்னால் அமைதியாகக் கிடக்கும் களப்புத் தண்ணீரிலிருந்து மட்டும் கொஞ்சம் மீன் வரும். வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு முடித்த ஊர் லத்தீபின் படம் பார்க்க வாடிக்கு வந்துவிடும். சுவரில்லாத மூன்று பக்கமும் தார்ப்பாய்ப் படங்குகளை இறக்கிக் கட்டினால் பட்டப்பகலில் நல்ல இருட்டு. வள்ளத்துப் பழைய பாய்ச்சீலைதான் திரை. காற்று அடிக்கும்போது கிரகங்கள் எல்லாம் ஒருமுறை வயிறு ஊதி அடங்கும். ஆரம்பத்தில் பள்ளிவாசல் நிர்வாகம் விசாரித்துவர ஓர் ஆளை அனுப்பியது. வந்தவர் முடியும்வரை எழும்பவில்லை. "படத்தில பொம்புளயும் இல்ல, பாட்டும் இல்ல, ஊர்ந்து திரியிற ஒரு சாக்குத்தான் இரிக்கி" என்று அவர் அறிக்கை கொடுத்தார். அடுத்த வாரம் பிள்ளைகுட்டிகளோடு வந்தார்.

இந்தக் குப்பையில் என்னதான் இருக்கிறது என்று நான் ஒருநாள் லத்தீபிடம் கேட்டேன்.

"பெரிய படமெண்டா மச்சான், எல்லாத்தையும் அவனே செஞ்சு வச்சிருக்கான். நமக்கு ஒரு வேலயுமில்ல, பாத்துட்டு எழும்பிப் போறதுதான். இது அப்பிடியா? ரொக்கட்டத் தூக்கிற நூல் தெரியுது. நூல் தெரியுது எண்டா, நாமளும் ஒரு கை குடுத்தாத்தான் அது பறக்கும். நம்ம கை குடுக்கல்லயெண்டா அந்த மனுசன் பாவம், தனியத் தூக்கிக்கொண்டு நிப்பான்."

நான் சிரித்தேன். ஆனால் அடுத்த வெள்ளி, தகர ரொக்கட் ஒன்று ஆடி ஆடி மேலே எழும்பியபோது, என் தோள்பட்டை தானாக உயர்ந்ததை நானே பிடித்துவிட்டேன். அன்றிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள்.

எல்லாப் படங்களுக்கும் மேலே ஒரு படம் உண்டு. வருடத்துக்கு ஒரே ஒரு முறை, ஜூலை கடைசி வெள்ளியில்தான் அதைப் போடுவார். அதன் உண்மையான பெயரை யாராலும் வாசிக்க முடியாது. எழுத்துகளின் தலையில் கொம்பும் குடுமியுமாக இருக்கும். ஐரோப்பாவின் ஒரு மூலையில், நம்முடைய மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு நாட்டுப் படம் என்று மட்டும் தெரியும். ஊர் அதற்கு வைத்த பெயர் 'உப்புக் கிரகம்'. கதாநாயகன் மீன் வளர்க்கும் கண்ணாடிக் குடுவையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கிரகத்தில் தனியாகப் போய் இறங்குவான். அது உப்பளம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஓரத்தில் பாத்தி வரம்புகூடத் தெரியும். அங்கே மூன்று கண் வைத்துத் தைத்த ஒரு சாக்கு ஊர்ந்து வரும். உள்ளே ஆள் தவழ்வது தெரியும், ஓரிடத்தில் சப்பாத்தும் தெரியும். கடலட்டை பிடிக்கிற ஊர் அதைப் பார்த்தவுடனே 'அட்டை ராசா' என்று பேர் வைத்துவிட்டது. கண்ணாடித் தலையனும் அட்டை ராசாவும் முதலில் சண்டை பிடிப்பார்கள், பிறகு கூட்டாளிகள் ஆவார்கள், கடைசியில் பிரிவார்கள். அந்தப் பிரிவில் ஊரே அழும். இப்றாஹிம் ஹாஜியார் தோள்துண்டைப் பிழிகிற அளவுக்கு அழுவார். வாடிச் சுவரில் அட்டை ராசாவை ஆளுயரத்துக்கு வரைய வைத்ததும் அவர்தான்.

படத்தில் எழுத்து ஓடாது, பேச்சு மட்டும்தான். முதன்முதல் போட்ட அன்று, ஐந்தாவது நிமிடத்தில் ஹாஜியார் கேட்டார், "என்ன சொல்றான்?" ஆறு வருடம் வெளிநாட்டில் இருந்து வந்தவருக்கு எல்லாப் பாஷையும் தெரியும் என்பது நம்மூர் நம்பிக்கை. திரையில் கண்ணாடித் தலையன் வெறும் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "தண்ணி முடிஞ்சு போச்சு எண்டு சொல்றான்" என்றார் லத்தீப். "இப்ப?" என்றார் ஹாஜியார். லத்தீப் அதற்கும் சொன்னார். "இப்ப? இப்ப?" என்று கூட்டமே கேட்கத் தொடங்கியது. பாதிப் படத்தில் யாரோ ஏல மைக்கைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். முடியும்போது படம் முழுவதும் தமிழாகியிருந்தது.

வாடியில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. ஏலக்காரர் மூன்றாம் தரம் கூறிவிட்டால் சொல் மாறாது. அவரே பிழையாகக் கூறியிருந்தாலும் மாறாது. ஒருமுறை லத்தீபுக்கு இருமல் வந்து, சிலாபத்து வியாபாரிக்கு விழ வேண்டிய ஒரு பெரிய திருக்கை மாம்புரி ஊர் யூஜீனியாவின் பெயரில் விழுந்துவிட்டது. யூஜீனியா சின்ன மீனில் கருவாடு போடுகிறவர். "இந்த யானைய நான் எங்க காயப் போடுற?" என்று கத்தினார். கத்தினாலும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

அந்த வழக்கத்தை ஊர் படத்துக்கும் கொண்டுவந்துவிட்டது. இரண்டாம் வருடம் லத்தீப் ஒரு வசனத்தை மாற்றிச் சொன்னபோது, "போன வருஷம் அப்பிடிக் கூறல்லயே!" என்று வாடியே எழும்பியது. அதற்குப் பிறகு ஒரு சொல் பிசகாது. ஒவ்வொரு ஜூலையும் ஒரு வாரம் வீட்டில் நடந்து நடந்து பாடமாக்குவார்.

இந்த இடத்தில் நான் வருகிறேன். பாஷைப் பிரியன் அல்லவா! லத்தீபை உட்கார்த்தி வைத்து அந்தப் பாஷையில் பதினொரு சொற்களைக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். 'ஸொப்ரா' என்றால் வணக்கம். 'மில்க்கோ தா' என்றால் சுகமா. கற்றதோடு விட்டேனா? எட்டாம் வகுப்புக்கு 'ஏழு நாட்டு வணக்கங்கள்' என்று ஒரு பாடம் நடத்தி, அட்டையில் எழுதிச் சுவரிலும் மாட்டினேன். பார்வையிட வந்த கல்வி அதிகாரி ஒருவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இந்த வருடம் ஜூலையில் இல்கா வந்தாள். சோளகத்துக்குப் பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களில் ஒருத்தி, ஐம்பது வயது இருக்கும். அவள் தங்கிய விடுதியில் என் மருமகள், லத்தீபின் மகள் சப்னா, வரவேற்பில் வேலை செய்கிறாள். வந்த இரண்டாம் நாள் இல்கா கடற்கரையால் நடந்தபோது வாடிச் சுவரில் அட்டை ராசாவைக் கண்டாள். கண்டவள் அந்த இடத்திலேயே கத்தி, குதித்து, சுவரைக் கட்டிப்பிடித்தாளாம். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் வெயில் அடித்துவிட்டது என்று தண்ணீர் கொண்டு ஓடினார்கள். விசாரித்துப் பார்த்தால், அவள் அந்த நாட்டுக்காரி. அந்தப் படத்தின் மேல் பைத்தியமாக இருக்கிறவள்!

சப்னா போனில் சொன்ன மறுநிமிடம் நான் சட்டை மாற்றிக்கொண்டு விடுதிக்குப் போனேன். நெஞ்சை நிமிர்த்திப் பதினொரு சொற்களையும் ஒரே மூச்சில் விட்டேன். இல்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள், இதற்கெல்லாம் அர்த்தம் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் என்ன, என் மச்சான் முழுப் படத்தையும் மொழிபெயர்த்திருக்கிறார் என்றேன். "மொழிபெயர்த்தாரா?" என்றாள். மூன்று முறை அதையே கேட்டாள். வெள்ளிக்கிழமை கட்டாயம் வருவதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பெருமையில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்படியே லத்தீபின் வீட்டுக்குப் போனேன். அவர் பகல் சாப்பாட்டில் இருந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, சோற்றுக் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"மச்சான்" என்றார். அந்தப் பெரிய குரலைக் காணவில்லை. "எனக்கு அந்தப் பாஷையில ஒரு சொல்லும் தெரியா."

"என்னது? அப்ப ஸொப்ரா?"

"அதில அவன் தும்முறான் எண்டுதான் நெனக்கிறன்."

பதினாறு வருடம்! தும்மலை அட்டையில் எழுதி வகுப்பில் மாட்டியிருக்கிறேன்! நான் போட்ட சத்தத்தில் நஃபீஸா குசினியிலிருந்து வந்து நின்றாள். லத்தீப் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மொத நாளே சொல்லியிருக்கணும். எல்லாரும் அப்பிடி மொகத்தப் பாத்துக்கொண்டு இருந்தாங்க. வாயில வந்திச்சு, கூறிட்டன். கூறினதுக்குப் பொறகு எப்பிடித் திருப்பி எடுக்கிற?" என்றார்.

என் மானம் போனால் ஒரு வாரம் ஊர் சிரிக்கும். அவருக்கு அப்படியில்லை. ஏலக்காரருக்கு நாக்குத்தான் எல்லாம். முன்பு இங்கே கூறிய ஒருவர் ஒரே ஒரு பொய் சொன்னார், நேற்றைய மீனை இன்றைய மீன் என்றார். இப்றாஹிம் ஹாஜியார் அடுத்த நாள் தன் நாலு வள்ளத்து மீனையும் வேறு வாடிக்குத் திருப்பினார். ஹாஜியார் போனால் ஊர் போகும். அந்த மனிதர் இப்போது புத்தளத்தில் த்ரீவீல் ஓட்டுகிறார். லத்தீப் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கோபம் ஆறியதும் மூவரும் வழி தேடினோம். படத்தட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா? ஹாஜியாரிடம் ஒரு பிரதி இருக்கிறது. காய்ச்சல் என்று படுக்கலாமா? நஃபீஸா விடவில்லை.

"பதினாறு வருஷம் பொய் சொல்லக்குள்ள என்னக் கேட்டீங்களா? இப்ப ஏன் என்ட மொகத்தப் பாக்கிறீங்க?" என்றாள். அவள் அன்றுவரை ஒரு படமும் பார்க்க வாடிக்குள் கால் வைத்ததில்லை. பைத்தியப் படம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது திரும்பிச் சொன்னாள், "போய்க் கூறுங்க. வாறது வரட்டும்."

வெள்ளிக்கிழமை வாடி நிரம்பி வழிந்தது. படம் வந்த நாட்டிலிருந்தே ஆள் வந்திருக்கிறது என்ற செய்தி உச்சமுனை வரைக்கும் போய், அங்கிருந்தும் களப்பு வழியாக இரண்டு வள்ளத்தில் சனம் வந்திருந்தது. முன்வரிசைக் கதிரையில் இல்கா, பக்கத்தில் புதுச் சாரம் உடுத்திய ஹாஜியார், மற்றப் பக்கம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கச் சப்னா. படம் தொடங்கியது. "தண்ணி முடிஞ்சு போச்சு" என்றார் லத்தீப். குரல் அறுக்குளா விற்கிற குரல் இல்லை, நெத்தலி விற்கிற குரல். சப்னா இல்காவின் காதில் சொன்னாள். இல்கா கொப்பியில் எழுதினாள்.

அவள் ஒவ்வொரு வசனத்தையும் எழுதிக்கொண்டே இருந்தாள். குற்றப்பத்திரிகை எழுதுகிறாள் என்றே நினைத்தேன். லத்தீபும் அப்படித்தான் நினைத்திருப்பார், வேர்வை கழுத்தால் ஓடியது. சண்டைக் காட்சியில் ஊர் சிரித்தது, அவளும் சிரித்தாள். கூட்டாளி ஆகும் காட்சியில் ஊர் கைதட்டியது, அவளும் தட்டினாள். பிரிகிற காட்சி வந்தது. கண்ணாடித் தலையன் சாக்கின் முன்னால் முழங்காலில் உட்கார்ந்தான், வாயைத் திறந்தான்.

லத்தீப் படத்தை நிறுத்திவிட்டார்.

"எனக்கு இந்தப் பாஷை தெரியா" என்றார் மைக்கில். "ஒரு நாளும் தெரியா. எல்லாம் நானாச் சொன்னது. இந்த மனுசியிர முன்னுக்கு இனியும் சொல்ல என்னால ஏலா. எல்லாரும் என்ன மன்னிச்சிக்கங்க."

நூற்றைம்பது பேர் இருந்த இடத்தில் படங்கு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவரைத் திட்ட இவ்வளவு காலம் ஆசைப்பட்டவன், அந்த நேரத்தில் யாராவது அவரை ஒரு சொல் சொன்னால் அடித்துவிடுவேன் போலிருந்தது.

பின்பக்கம் ஒரு படங்கு விலகி வெளிச்சம் விழுந்தது. நஃபீஸா நின்றாள். எப்போது வந்தாளோ தெரியாது. அடுப்படியில் நின்று பதினாறு ஜூலை கேட்டுப் பாடமான வசனத்தை, யாரையும் பார்க்காமல், குர்ஆன் ஓதுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"என்னத் தேடி ஒருத்தரும் இஞ்ச வர மாட்டாங்க. தப்பித் தவறி ஆராவது வந்தா, இஞ்ச ஒருத்தன் இருந்தான் எண்டு மட்டும் சொல்லு."

யூஜீனியா அதைத் திருப்பிச் சொன்னார். உச்சமுனைக்காரர்கள் சொன்னார்கள். பிறகு வாடி முழுவதும் சொன்னது, சின்னப்பிள்ளைகள் உட்பட. லத்தீப் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்றாஹிம் ஹாஜியார் எழும்பினார். சத்தம் அடங்கியது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் அழுதது ஒன்ட கதைக்கா, லத்தீப்?"

"ஓம் ஹாஜியார்."

"பொய்க்கு."

"ஓம்."

ஹாஜியார் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று ஊர் காத்திருந்தது. என்ன நடக்கிறது என்று புரியாத இல்கா சப்னாவைப் போட்டு உலுப்பிக் கேட்டாள். சப்னா அழுதழுது ஆங்கிலத்தில் சொன்னாள். கேட்டதும் இல்கா துள்ளி எழும்பினாள். அவள் சொன்னதைச் சப்னாவால் தமிழில் சொல்ல முடியவில்லை. ஆகவே நான் எழும்பிச் சொன்னேன்.

அது எங்கள் நாட்டுப் பாஷை இல்லை என்றாள் இல்கா. அது ஒரு பாஷையுமே இல்லை! வேற்றுக் கிரகத்துக்குப் போகிறவன் மனிதப் பாஷை பேசக்கூடாது என்று படத்தை எடுத்தவர் பிடிவாதம் பிடித்தாராம். நடிகர்களை வாய்க்கு வந்தபடி பேச வைத்தார். அர்த்தத்தைப் பிறகு எழுதிச் சேர்ப்பதாக இருந்தது. அதற்குள் படத்தை ஒரே ஒரு தியேட்டரில் இரண்டு நாள் போட்டார்கள். சனம் சிரித்து எழும்பிப் போனது. அவர் வெட்கத்தில் ஒன்றும் எழுதவேயில்லை. இப்போது எண்பத்தொரு வயது, சாவி வெட்டிக் கொடுக்கும் ஒரு சின்னக் கடைக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிறார். அவர் நாட்டில் இந்தப் படத்தை விரும்புகிறவர்கள் இல்காவோடு சேர்த்து நாற்பது பேர். வருடம் ஒருமுறை கூடி, இந்த இடத்தில் இவன் என்ன சொல்கிறான் என்று சண்டை பிடிப்பார்கள். பெரியவரைக் கூப்பிட்டால் வர மாட்டார். படத்தின் பேரை எடுத்தாலே போனை வைத்துவிடுவார்.

"நான் கொப்பியில எழுதினது பிழை பிடிக்க இல்ல. முதல் தடவையா இந்தப் படம் என்ன சொல்லுது எண்டு கேக்கிறன்" என்று அவள் சொன்னதையும் நான் தமிழில் சொன்னேன்.

சொல்லிக்கொண்டே அவள் போனை எடுத்து அந்தப் பெரியவரை முகம் தெரிகிற மாதிரி அழைத்தாள். நமக்குப் பின்னேரம், அவர்களுக்குப் பகல் சாப்பாடு. போன் திரையில் ஒரு மெலிந்த கிழவர், கையில் சூப் கரண்டி. இல்கா இரண்டு சொல் சொல்லும் முன்னே அவர் முகம் கடுத்தது, விரல் போனை வைக்கப் போனது. இல்கா சட்டென்று போனைத் திருப்பிக் காட்டினாள். பாய்ச்சீலையில் காற்றில் வயிறு ஊதி நிற்கும் அவருடைய கண்ணாடித் தலையனை, சுவரில் ஆளுயர அட்டை ராசாவை, நூற்றைம்பது பேரை. யூஜீனியா கையை ஆட்டினார். கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

இவ்வளவு பேரும் யார் என்று கேட்டார்.

"படம் பாக்க வந்த ஆக்கள் எண்டு சொல்லுங்க சேர்" என்றார் ஹாஜியார். சொன்னேன். இல்கா அவருடைய பாஷையில் சொன்னாள்.

அந்தப் படத்தையா, என்று கேட்டார். ஓம் என்றோம். வருடா வருடமா, என்று கேட்டார். ஓம், பதினாறு வருடமாக என்றோம். பிறகு, திரையில் நிற்கிறானே, அவன் அந்த இடத்தில் உங்களிடம் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

எல்லோரும் லத்தீபைப் பார்த்தார்கள். அவர் மைக்கை வைத்துவிட்டுப் போனுக்குக் கிட்டே வந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வீட்டில் கதைக்கிற குரலில் அந்த வசனத்தைச் சொன்னார். நான் ஆங்கிலமாக்கினேன். பத்தொன்பது வருட வாத்தியார் வேலையில் அவ்வளவு கவனமாக நான் ஒரு வாக்கியத்தையும் அமைத்ததில்லை. இல்கா அதைத் தன் பாஷையில் சொல்லும்போது பாதியில் நின்று, மூச்சு எடுத்து, முடித்தாள்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றார் ஹாஜியார்.

இல்கா ஆங்கிலத்தில் சொன்னதும் நான் தமிழில் சொன்னேன்: "ஓம். அதத்தான் சொன்னான் எண்டு சொல்றார்."

லத்தீப் அப்படியே மீன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, சாரத்தின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை; எனக்கே இரண்டும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. ஹாஜியார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எல்லாருக்கும் கேட்டதா? எடுத்த மனுசனே சொல்லிட்டார். இனி ஒருத்தரும் இதப் பத்திக் கதைக்கப்படாது." பிறகு லத்தீபின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "மிச்சத்தப் போடு. அஸர் தொழுகைக்கு முந்தி முடிக்கணும். விடியக் களப்பு மீன் வருது, தொண்டயக் கவனமா வச்சுக்க."

லத்தீபுக்குத் தொண்டை எங்கே இருந்தது? படம் ஓடியது, அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார், ஊர் கூறியது. ரொக்கட் நூலில் ஆடி ஆடி எழும்பியபோது நூற்றைம்பது தோள்பட்டைகள் எழும்பின. நஃபீஸா முன்னால் வந்து, சப்னாவின் கதிரையில் உட்கார்ந்து, இல்காவின் கையிலிருந்த போனை வாங்கித் திரை நன்றாகத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். "அவருக்குச் சரியாத் தெரியுதா எண்டு கேளுங்க நானா" என்றாள் என்னிடம்.

கேட்டேன். தெரிகிறதாம். முடியும் வரைக்கும் அவர் போனை வைக்கவில்லை.